வைட்டமின் மாத்திரை பற்றிய செய்தியை எப்போது நம்பலாம்?

‘வைட்டமின் மாத்திரை சாப்பிடுவோருக்கு இதய நோய் குறைவு’ என்று செய்தி வந்தால், அது கண்காணிப்பு ஆய்வா என்று முதலில் பாருங்கள். அதாவது, யாருக்கும் எதையும் கொடுக்காமல், மக்கள் தாமாகச் செய்வதைக் குறித்துவைத்து ஒப்பிடுவது. மாத்திரை வாங்குவோரில் பலர் புகைக்காதவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். பலன் எதனால் வந்தது? குடை விரிந்த நாளெல்லாம் மழை பெய்தது என்பதற்காகக் குடையா மழையைக் கொண்டுவந்தது!

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை தரும் சோதனைதான் இந்த முடிச்சை அவிழ்க்கும். உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்து நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பியிருந்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது: தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் அந்தப் புற்று, எடுக்காதவர்களைவிட 18 சதவீதம் அதிகம்.

‘லட்சம் பேரை ஆராய்ந்திருக்கிறார்களே’ என்று மயங்க வேண்டாம். ஆள் எண்ணிக்கை கூடுவதால் கண்காணிப்பு ஆய்வின் இந்தக் குறை நீங்காது.