பத்துப் படங்கள் போதும், டீச்சர்

கேள்வி: தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் பதினெட்டு வருடமாக அறிவியல் நடத்துகிறேன். வயது 47. கரும்பலகையில் படம் போடுவதில் எனக்கு நல்ல பேர் உண்டு. போன டிசம்பரில் எட்டாம் வகுப்பில் இதயம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இந்த வால்வு எப்ப திறக்கும், எப்ப மூடும்? மேல இருக்கிறதும் வெளிய போறதும் ஒரே நேரத்துலயா?" என்று கேட்டான். டஸ்டரால் அழித்து அழித்துக் காட்டினேன். அவன் முகம் தெளியவில்லை. அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் அனிமேஷன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தேரியில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாத வகுப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. கணவர், "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார். மகனின் லேப்டாப்பில் ஒரு நாள் முயன்று பார்த்தேன். மவுஸைப் பிடித்து ஒரு வட்டம்கூடப் போட வரவில்லை, அழுகைதான் வந்தது. வகுப்பில் சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, மும்பை

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

சேர வேண்டாம். சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும். ஆனால் அனிமேஷன் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த மாதிரி வகுப்புகள் ஸ்டூடியோ வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கானவை. ஒரு பொம்மையை நடக்கவைப்பது, முப்பரிமாண உருவத்துக்குள் எலும்பு பூட்டுவது, கடைசியில் வேலை தேட, செய்ததையெல்லாம் தொகுத்து ஒரு ஷோரீல் தயாரிப்பது என்று போகும். நல்ல படிப்புதான், ஆனால் ஆறு மாதம் முடிந்த பிறகும் உங்கள் வால்வு திறந்திருக்காது. உங்களுக்கு வேண்டியது மிகச் சிறியது. அதை இந்தக் கோடை விடுமுறைக்குள், ஜூன் நடுவில் பள்ளி திறப்பதற்கு முன்பே முடித்துவிடலாம்.

அந்தப் பையன் கேட்டதுதான் இதயப் பாடத்தின் உயிரான கேள்வி. நாலு அறை, நாலு வால்வு என்று யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். எது மூடும்போது எது திறக்கிறது என்பது நேரம் சம்பந்தப்பட்ட விஷயம், நகராத படத்தில் அது தெரியவே தெரியாது. நீங்கள் டஸ்டரால் அழித்து அழித்துக் காட்டினீர்களே, அதுவே அனிமேஷன்தான். டஸ்டர் மெதுவாக நகர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 75 என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. மேல் அறைகளான ஆரிக்கிள்கள் சுருங்க 0.1 வினாடி, கீழ் அறைகளான வென்ட்ரிக்கிள்கள் சுருங்க 0.3, மீதி 0.4 வினாடி இதயம் முழுவதும் தளர்ந்திருக்கும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். சினிமாவில் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நகராத படங்கள், ஓடும். ஆனால் கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 படங்களோடு முடித்துக்கொள்வார்கள். 12-ஐ 0.8-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட பத்து. ஒரு முழு இதயத் துடிப்புக்குப் பத்தே படங்கள்! ஆரிக்கிளுக்கு ஒன்று, வென்ட்ரிக்கிளுக்கு நாலு, ஓய்வுக்கு ஐந்து. பத்தாவது முடிந்ததும் மறுபடி முதல் படம் வரும், அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் படத்தில் ஆரிக்கிள்கள் சுருங்கியிருக்கும், உள்வால்வுகள் (ஆரிக்கிளுக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் இருப்பவை) திறந்திருக்கும். இரண்டாவதில் வென்ட்ரிக்கிள் இறுக ஆரம்பிக்கிறது, உள்வால்வுகள் மூடுகின்றன, அதுதான் 'லப்'. இங்கே ஒரு கணம் நாலு வால்வும் மூடியிருக்கும். இந்தப் படத்தைக் கவனமாகப் போடுங்கள், பையனுக்கான பதில் இதில்தான் இருக்கிறது. மூன்று, நாலு, ஐந்தில் வெளிவால்வுகள் (வென்ட்ரிக்கிளிலிருந்து ரத்தக் குழாய்க்குப் போகும் வழியில் இருப்பவை) திறந்து ரத்தம் பாய்கிறது. ஆறாவதில் அவை மூடுகின்றன, 'டப்'. மறுபடியும் ஒரு கணம் எல்லாம் மூடல். ஏழிலிருந்து பத்து வரை உள்வால்வுகள் திறந்து வென்ட்ரிக்கிள் நிறைகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறக்கும் படம் பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. திறந்தால் ரத்தம் வந்த வழியே திரும்பிவிடும்.

முதலில் இதைக் காகிதத்தில் போடுங்கள். ஒரு சின்னக் குறிப்பேட்டின் பத்துப் பக்கம், ஓரத்தில் பென்சில் படம், கட்டைவிரலால் புரட்டினால் இதயம் அடிக்கும். எங்கே குதிக்கிறது, எங்கே படம் தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். யோசனை காகிதத்திலேயே முடிந்துவிட்டால் திரையில் வேலை பாதிதான்.

அப்புறம் மென்பொருள். கிரிட்டா என்று ஒன்று இருக்கிறது, முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். சுவீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாக்பீஸ், கிரேயான் என்று பொருள். பதினெட்டு வருடமாகச் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. அதில் உங்களுக்கு மூன்று விஷயம் போதும். ஒன்று, லேயர்: இதயத்தின் வெளிக்கோட்டையும் ரத்தக் குழாய்களையும் கீழ் அடுக்கில் ஒரே ஒரு தடவை வரைந்துவிட்டு, மேல் அடுக்கில் உட்சுவரையும் வால்வையும் மட்டும் பத்து முறை வரையலாம். அடுத்து, ஆனியன் ஸ்கின்: முந்தைய படம் மங்கலாக அடியில் தெரியும், பட்டர் பேப்பர் வைத்து மேப் வரைந்தோமே, அதேதான். மூன்றாவது, டைம்லைன்: படங்களை வரிசையாக வைக்கும் பட்டை. வேகத்தை மாற்ற மறுபடி வரைய வேண்டாம். வினாடிக்கு 12 என்பதை 3 என்று மாற்றினால் ஒரு துடிப்பு மூன்று வினாடிக்கு மேல் நீளும். வகுப்புக்கு அந்த வேகம்தான் சரி. முடிந்ததும் வீடியோவாக வெளியே எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மவுஸில் வட்டம் வராததற்கு அழாதீர்கள். மவுஸ் வரைவதற்கான கருவியே இல்லை. நல்ல ஓவியர்களுக்கும் அதில் வராது. லேமிங்டன் ரோட்டில் கேட்டால் திரை இல்லாத சின்னப் பென் டேப்லெட் (கம்ப்யூட்டரில் இணைத்துப் பேனாவால் வரையும் பலகை) சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். செலவு என்று பார்த்தால் அது ஒன்றுதான், கணவரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். முதல் வாரம் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று இழுக்கும், ஏனென்றால் கை மேசையில் ஓட, கண் திரையில் இருக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு மருந்து உண்டு. இதயத்தைத் தொடாதீர்கள். தினம் காலையில் ஒரு புள்ளிக் கோலம் போடுங்கள், திரையில். ஐந்து புள்ளியில் ஆரம்பித்து ஏழு, ஒன்பது என்று போங்கள். சிக்குக் கோலத்தின் வளைவு திரையில் முறியாமல் ஓடும் அன்று உங்கள் கை தயார்.

மகனை மென்பொருளை நிறுவிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்ததும் எழுந்துபோய்விட வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். "இப்படிம்மா" என்று அவன் பேனாவைப் பிடுங்கினால் அவனுக்குத்தான் பழக்கம் வரும். சந்தேகத்துக்கு நம் ஊரிலேயே துணை இருக்கிறது. பவாயில் உள்ள ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் இங்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர் போன்ற வரைகலை மென்பொருள்களுக்குப் பாடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம், இலவசம், பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. திரையில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும், காதில் தமிழ் ஒலிக்கும். கொஞ்சம் பார், நிறுத்து, செய்து பார் என்பதுதான் அவர்கள் முறை. கிரிட்டா கைவந்த பிறகு இங்க்ஸ்கேப்பை அதில் பாருங்கள், சார்ட் வரைய நன்றாக உதவும்.

படத்தில் பாகங்களின் பெயர் எழுதுவதில் ஒரு எச்சரிக்கை. சில வரைகலை மென்பொருள்களில் தமிழ் உடைந்து வரும். 'பெருந்தமனி' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். வகுப்பில் தப்பான எழுத்து ஒரு நொடிகூடத் திரையில் நிற்கக் கூடாது. பேசாமல் பேனாவால் உங்கள் கையெழுத்திலேயே எழுதிவிடுங்கள். அது பிள்ளைகள் தினமும் படிக்கிற எழுத்துதானே.

வகுப்பில் காட்டும் விதம் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. நான் மாட்டுங்காவில் பாடம் நடத்திய காலத்தில், சூரியக் குடும்பத்துக்கு இசையோடு, மின்னும் நட்சத்திரங்களோடு ஒரு படம் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். ஓரத்தில் அழகுக்காக ஒரு ராக்கெட் பறந்துபோகும். முடிந்ததும் பிள்ளைகள் கேட்டதெல்லாம் ராக்கெட்டைப் பற்றித்தான். பூமி ஏன் சாய்ந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதையெல்லாம் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார். பாடத்துக்குத் தேவையில்லாத அலங்காரம் கற்றலைக் குறைக்கிறது, வாயால் சொல்வதையே திரையிலும் வரிவரியாக எழுதினால் பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள், துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால் நன்றாகப் புரிகிறது என்பதெல்லாம் அவர் கண்டவை. ஆகவே இசை வேண்டாம், பின்னணி ஓவியம் வேண்டாம், பதிவு செய்த குரலும் வேண்டாம். உங்கள் குரல் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது படத்தில் நிறுத்துங்கள். "இப்ப எந்தக் கதவு திறக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஆளுக்கொரு பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த படம். கேட்காமல் ஓடவிட்டால், நன்றாக ஓடும் அனிமேஷன்கூடக் கண் முன்னால் வந்து கண் முன்னாலேயே போய்விடும்.

இதயத்தின் வலப்பக்கத்துக்கு நீலம் அடிப்பீர்கள் இல்லையா, ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் கருஞ்சிவப்புதான், நீலம் நம் வசதிக்கு என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். நிறையப் பிள்ளைகள் உடம்பில் நீல ரத்தம் ஓடுவதாகவே நம்பி வளர்கிறார்கள்.

இது கைவந்த பிறகு எல்லாப் பாடத்தையும் ஆடவைக்கத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இலையின் பாகங்களுக்குக் கரும்பலகை போதும், நிஜ இலை ஒன்று இன்னும் மேல். நிலாவின் பிறைகள், மின்மோட்டாரின் சுருள், கன்றாக முளைக்கும் அவரை விதை இப்படி நேரத்தோடு மாறுவது எது என்று பார்த்து வருடத்துக்கு இரண்டு, மூன்று செய்தால் நிறைய.

அந்தப் பையன் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பான். புது எட்டாம் வகுப்புக்குக் காட்டும் முன்னால் ஒரு மதிய இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டாவது படத்தில் நிறுத்தி, அவனிடம் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.