வெள்ளம் புகுந்த சம்ப்: இறைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: புயல் நகராமல் நின்றதால் இரண்டு நாள் விடாத மழை. தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள்) இறங்கிவிட்டது. இப்போது தெருவில் தண்ணீர் இல்லை. மொத்தத்தையும் இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

பதில்: இன்றே இறைக்காதீர்கள். தெரு வடிந்துவிட்டது, மண் வடியவில்லை. வேகமாகக் கடக்கும் புயலின் மழையில் பெரும்பகுதி மேலோடு ஓடிவிடும். மெதுவாக நகரும் புயலோ மண்ணை ஆழம்வரை ஊறவைத்து நிலத்தடி நீர்மட்டத்தை ஏற்றிவிடும். அந்த நீர் சம்ப்பைக் கீழிருந்து தள்ளும். தளம் 2 மீட்டருக்கு 2 மீட்டர், வெளியே நீர்மட்டம் தளத்துக்கு மேல் 2 மீட்டர் என்றால், தள்ளும் விசை சுமார் 8 டன். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் இப்போது அதற்கு ஈடுகொடுக்கிறது. ஒரேயடியாக இறைத்தால் தளம் விரிசல் விடலாம். பிறகு ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைக் கசிவு உள்ளே வரும். புதைத்த பிளாஸ்டிக் தொட்டி என்றால் அப்படியே மேலெழும்பிவிடும்.

பக்கத்தில் கிணறு இருந்தால் அதன் நீர்மட்டம் பழைய நிலைக்கு இறங்கும்வரை பொறுங்கள். கிணறு இல்லையென்றால் ஒரு அடி மட்டும் இறைத்து, சுவரில் கோடு போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் வெளிநீர் இன்னும் அழுத்துகிறது என்று அர்த்தம். ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம். கசிவில்லாத சம்ப்பில் வெளிமட்டம் எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் ஏறாது. அதனால் நாளுக்கு ஓரிரு அடி என்று இறைப்பதே பாதுகாப்பு.

நனைந்த மோட்டாரை எலக்ட்ரீசியன் மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கும்வரை சுவிட்ச் போடக்கூடாது. பெட்ரோல் பம்ப்பை சம்ப்புக்குள்ளோ வாய்க்கு அருகிலோ வைக்கவே கூடாது, புகை உள்ளே தங்கி ஆளைக் கொல்லும். அழுகிய சேற்றிலிருந்தும் நச்சுவாயு கிளம்பும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் கொடுத்த பிறகும் தனியாக இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் விழுந்தால், காப்பாற்றக் குதிப்பவரும் அங்கேயே சாய்ந்துவிடுவார்.

சேறு முழுவதையும் அள்ளி, சோப்புத்தூளால் தேய்த்துக் கழுவிய பின்தான் குளோரின். சேறு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். சம்ப்பை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். இந்த அளவு 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடருக்கு. பிரித்துவைத்து ஈரம் ஏறிய பையில் வீரியம் இருக்காது. அமிலக் கழிவறை கிளீனரோடு கலந்தால் விஷவாயு வரும்.

மேல்நிலைத் தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் விடுங்கள். பிறகு வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பரிசோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் காட்டினால் சரி.

டீசல் வாடை வந்தால் குளோரினும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது. ஆய்வகப் பரிசோதனை முடியும்வரை அந்தத் தண்ணீரில் சமைக்கவும் வேண்டாம்.