‘இதுக்கு எத்தனை ஹெச்பி?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து பேர், காலேஜ் காலத்து நண்பர்கள். சில வருஷமாக, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடுகிற ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடிக்கொண்டிருக்கிறோம். திகில் ஆடிப் பார்க்கலாம் என்று போன மாதம் ‘கால் ஆஃப் கதூலு’ எடுத்தோம். நான்தான் கீப்பர், அதாவது கதையை நடத்துகிறவன். விளக்கை அணைத்து, போனில் மழைச் சத்தம் ஓடவிட்டு, ரொம்ப மெனக்கெட்டேன். கதையை நம்ம ஊர் மலைக்கிராமம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன். வெளியாட்களை அண்டவிடாத மலைவாசிகள், ரகசியமாக ஒரு பழைய தெய்வத்துக்கு நரபலி கொடுக்கிறார்கள் என்று. கிணற்றிலிருந்து அது மேலே வருகிற காட்சியை உயிரைக் கொடுத்து வர்ணித்தேன். முடித்ததும் ஒருவன் கேட்டான்: “சரி, இதுக்கு எத்தனை ஹெச்பி?” (எவ்வளவு அடித்தால் சாகும் என்கிற உயிர் எண்.) எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு போச்சு.

இன்னொன்று. அந்தக் கிணற்றில் ஒரு குழந்தையின் உடல் கிடப்பதாகச் சொன்னபோது ஒரு தோழி எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து ஆடினாள், ஆனால் அப்புறம் சரியாகப் பேசவே இல்லை.

சினிமாவிலும் கதையிலும் வருகிற பயம் மேசையில் வரவே வராதா? சிப்ஸ் பாக்கெட்டோடு நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது பயப்படுவார்களா? நீங்கள் திகில் கதையும் எழுதுகிறீர்கள், இந்த ஆட்டமும் ஆடுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

நிச்சயமாக வரும். ஆனால் சினிமாவில் வருகிற வழியாகவோ கதையில் வருகிற வழியாகவோ வராது. நீங்கள் அந்த ரெண்டு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி: மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அதற்குள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள், முடிவு எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்தில் டைஸ் உருட்டுவார்கள்.

சினிமா எப்படிப் பயமுறுத்துகிறது என்று பாருங்கள். 1942இல் வால் லூட்டன் தயாரித்து ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு நீச்சல்குளக் காட்சி உண்டு. ராத்திரி, ஒரு பெண் தனியாகத் தண்ணீருக்குள் நிற்கிறாள், சுவரிலும் கூரையிலும் தண்ணீரின் வெளிச்சம் நெளிகிறது, எங்கிருந்தோ ஓர் உறுமல், ஒரு நிழல். சின்ன பட்ஜெட் படம், மிருகத்தைப் பெரும்பாலும் காட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள், இன்றைக்குப் பார்த்தாலும் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று இருக்கும். 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானதால் அதைக் காட்டாமல் சமாளிக்க வேண்டி வந்தது, படத்துக்கு அதுவே பலமாகிவிட்டது. இதெல்லாம் நடப்பது கேமரா பார்க்கிற இடத்தைத்தான் நாமும் பார்க்க முடியும் என்பதால். தலையைத் திருப்பிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு வழியில்லை.

கதையில் மறைப்பது காட்சியை அல்ல, நிச்சயத்தை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்து முடித்த பிறகும் வீட்டுக்குள் வந்த பெண் யார், கதை சொல்கிறவரின் புத்தி சரியாக இருக்கிறதா இல்லையா என்று நம்மால் தீர்த்துச் சொல்ல முடிவதில்லை. அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

மேசையில் கேட்கலாம், உங்கள் பிரச்சினை அங்கேதான். ஆட்டக்காரர் “திரும்பிப் பார்க்கிறேன், என்ன தெரிகிறது?” என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். கதூலு என்கிற பயங்கர தெய்வத்தைப் படைத்த அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் மாதிரி ‘வார்த்தையில் அடங்காத பயங்கரம்’ என்று பக்கத்தில் எழுதலாம், படிக்கிறவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். மேசையில் அதையே சொன்னால் “அடங்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்லு” என்பார்கள். கேட்பது நியாயமும்கூட, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. நீங்கள் எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் அது அவர்கள் காதில் தகவலாகத்தான் விழும்.

ஆகவே ஆட்டத்தில் பயத்தை வர்ணனையில் தேடாதீர்கள். ஆட்டக்காரர் கையில் ஒரு முடிவு இருக்கிறது, அந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை அவர் தெரிந்தே கொடுக்க வேண்டும். சினிமாவில் யாரோ ஒருத்தி கதவைத் திறக்கும்போது “திறக்காதே” என்று நாம் கத்துகிறோம். இங்கே திறப்பது நாம்தான், திறக்காமல் இருக்கவும் நமக்கு உரிமை இருந்தது. இந்தப் பயத்தை வேறு எந்தக் கலையும் தர முடியாது என்று நான் மனதார நம்புகிறேன்.

உங்கள் நண்பர் ஹெச்பி கேட்டதில் தப்பே இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ சின்னச் சின்னப் பொம்மைகளை நகர்த்தி ஆடுகிற போர் ஆட்டங்களிலிருந்து வந்தது. அதில் மிருகம் என்றால் வெட்டிச் சாய்க்க வேண்டிய ஓர் எண், லெவல் ஏற ஏற உங்கள் எண்ணும் ஏறும். அதை வருஷக்கணக்கில் ஆடியவர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 1981இல் சாண்டி பீட்டர்சன் கேயாசியம் நிறுவனத்துக்காக ‘கால் ஆஃப் கதூலு’வை எழுதியபோது செய்த பெரிய காரியம், அந்தக் கேள்வியை வீணாக்கியது. சாதாரண மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு ஹெச்பி, எவ்வளவு ஆடினாலும் அது லெவல் ஏறுவது மாதிரி ஏறாது. கதூலுவுக்கும் புத்தகத்தில் எண்கள் இருக்கின்றன, ஆனால் அது ஒரு சுற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேரை அள்ளிக் கொன்றுவிடும். நீங்கள் தயங்காமல் அந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பு தானாக அடங்கியிருக்கும்.

நிஜமான ஆட்டம் சானிட்டியில், அதாவது பாத்திரத்தின் மனத்தெளிவைக் காட்டுகிற எண்ணில், இருக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் நூறு பக்க டைஸ் உருட்டி உங்கள் சானிட்டி எண்ணுக்குள் விழ வேண்டும், விழாவிட்டால் அந்த எண்ணிலிருந்து கழியும். ஒரே தடவையில் ஐந்தோ அதற்கு மேலோ கழிந்தால் அடுத்ததாக அறிவுக்கு ஒரு உருட்டல். விதியை நிதானமாகப் படியுங்கள். அந்த அறிவு உருட்டலில் தோற்றால் நீங்கள் தப்பித்தீர்கள், மனசு அதைப் புரிந்துகொள்ளாமல் புதைத்துவிடுகிறது. ஜெயித்தால் பார்த்தது என்ன என்று முழுசாகப் புரிந்துவிடுகிறது, பைத்தியம் பிடிக்கிறது. ஆட்டக்காரர் கையில் டைஸை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். அப்புறம் ‘கதூலு மித்தோஸ்’ என்று ஒரு திறமை. பழைய ஏடுகளைப் படிக்கப் படிக்க அது ஏறும், 99இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சானிட்டியின் உச்சவரம்பு. எவ்வளவு தெரிந்துகொண்டீர்களோ அவ்வளவு உங்களால் தேறி வர முடியாது. புத்தகம் மேசைமேல் கிடக்கிறது, அதில் கொலையாளியைப் பற்றித் துப்பு இருக்கிறது, படிக்கிறாயா? இந்த ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மழைச் சத்தம் தேவைப்படாது. விளக்கையும் போட்டே வைக்கலாம், இருட்டில் கேரக்டர் ஷீட்டைப் படிக்கவே முடியாது.

வர்ணனையில் ஒரே ஒரு யோசனை. பேர் சொல்லாதீர்கள், உரிச்சொல் வேண்டாம், ஒரு சின்னத் தப்பை மட்டும் சொல்லுங்கள். “கதவைத் திறந்தவர் வாங்க என்கிறார். சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். நீ வந்ததிலிருந்து அவர் கண்ணைச் சிமிட்டவே இல்லை.” இவ்வளவு போதும். மிச்சத்தை அவர்களே கேட்டுக் கேட்டுப் பெரிதாக்கிக்கொள்வார்கள்.

டைஸே இல்லாத ஆட்டம் ஒன்று இருக்கிறது, உங்கள் கூட்டத்துக்கு அதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். எபிடையா ரவஷோல் எழுதி 2005இல் வந்த ‘டிரெட்’. மேசை நடுவில் ஜெங்கா கோபுரம், 54 மரக்கட்டை. ஆபத்தான காரியம் எது செய்தாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். வைத்துவிட்டால் காரியம் நடந்தது. கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் கதையை விட்டுப் போய்விட்டது, பெரும்பாலும் சாவு. உருவ மாட்டேன் என்று மறுக்கவும் செய்யலாம், உயிர் மிஞ்சும், காரியம் கெடும். அப்புறம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள், மற்றவர்களைக் காப்பாற்ற நீங்களே கோபுரத்தைத் தட்டிவிடலாம், நினைத்தது நடக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். ரெண்டு மணி நேரம் போன பிறகு அந்த மேசையைப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லாமலே டீ டம்ளரெல்லாம் தரைக்குப் போயிருக்கும், முழங்கையை யாரும் மேசையில் ஊன்ற மாட்டார்கள், ஒருவர் கட்டையை விரல் நுனியால் தள்ளிப் பார்க்கும்போது மற்றவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கதையில் வருகிற ஆளுக்கு இருக்கிற கை நடுக்கம் நிஜமாகவே ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட் ஞாபகத்துக்கே வராது.

ஸ்டீபன் டூயியின் ‘டென் கேண்டில்ஸ்’ (2015) இன்னும் கடினமானது. பத்து மெழுகுவர்த்தி, வேறு விளக்கு கிடையாது, ஒவ்வொரு காட்சி முடியும்போதும் ஒன்று அணையும், கடைசியில் எல்லாப் பாத்திரமும் சாகும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தி பதிவு செய்து வைப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு அதைப் போட்டுக் கேட்பார்கள். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. நூறு திரி ஏற்றி வைத்து, ஒரு பேய்க்கதை சொன்னால் ஒரு திரியை அணைப்பது, நூறாவது அணைந்தால் ஏதோ வரும் என்ற பயத்தில் பலர் 99லேயே நிறுத்திவிடுவார்களாம். கூட்டமாக உட்கார்ந்து, தெரிந்தே இருட்டை வரவழைத்துக்கொள்வது மனிதர்களுக்குப் புதிசு இல்லை.

இப்போது உங்கள் தோழி. கடிதத்தில் இதை ரெண்டாவதாக எழுதியிருந்தீர்கள், எனக்கு இதுதான் முதலில் பட்டது. புத்தகத்தை மூடி வைக்கலாம், தியேட்டரில் கண்ணைப் பொத்திக்கொள்ளலாம், போஸ்டரைப் பார்த்தே இது நமக்கு வேண்டாம் என்று போகாமல் இருக்கலாம். மேசையிலிருந்து எழுந்தால் நாலு நண்பர்கள் முன்னால் எழ வேண்டும், ஏன் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்குக் குழந்தை விஷயத்தில் என்ன வலி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. இதற்கென்றே வழிகள் இருக்கின்றன. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டு: ஒரு சீட்டில் எக்ஸ் போட்டு நடுவில் வைப்பது, யார் தொட்டாலும் அந்த விஷயம் கதையிலிருந்து போய்விடும், காரணம் கேட்கக் கூடாது. ரான் எட்வர்ட்ஸ் சொன்ன ‘லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்’: எதெல்லாம் கதையில் வரவே கூடாது, எதெல்லாம் வரலாம் ஆனால் திரைக்குப் பின்னால் நடக்கட்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வது. முன்கூட்டியே பேசினால் பயம் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். போகாது. எங்கே நிறுத்துவார்கள் என்று தெரிந்தவர்தான் தைரியமாக உள்ளே வருவார். பயத்துக்கும் காயத்துக்கும் வித்தியாசம் தெரியாத கீப்பரிடம் யாரும் மனசைத் திறந்து ஆட மாட்டார்கள்.

கடைசியாக அந்த மலைக்கிராமம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. 1928இல் வெளியான லவ்கிராஃப்டின் மூலக்கதையில் லூசியானா சதுப்பில் கதூலுவைக் கும்பிடுகிற கூட்டத்தைக் கலப்பினத்தவர்கள், கீழானவர்கள் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் வாழ்ந்த நாட்களில் குடியேறிகளைப் பார்த்து அவருக்கு வந்த அருவருப்பை ‘ரெட் ஹுக்’ கதையில் அப்படியே பார்க்கலாம். மனிதன் பிரபஞ்சத்தில் ஒரு தூசு என்று அவர் எழுதியதை நான் நேசிக்கிறேன், இந்த அருவருப்பை ஏற்க மாட்டேன். நீங்கள் ஊரை மாற்றினீர்கள், அருவருப்பு மட்டும் மாறாமல் கூடவே வந்து நம் பழங்குடி மக்கள் தலையில் உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே அவர்களைப் பற்றி இந்த மாதிரிக் கதைகள் போதுமான அளவு இருக்கின்றன. விக்டர் லவால் 2016இல் ‘ரெட் ஹுக்’ கதையை ஒரு கறுப்பின இளைஞனின் பக்கமிருந்து திருப்பி எழுதினார், கிறிஸ் ஸ்பைவி 2017இல் ‘ஹார்லம் அன்பவுண்ட்’ என்று ‘கால் ஆஃப் கதூலு’ ஆட்டத்துக்கு, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த 1920களின் ஹார்லத்தை, கறுப்பினத் துப்பறிவாளர்களோடு கொண்டுவந்தார். அதில் சாத்தானைவிடத் தெருமுனை போலீஸ்காரர் பயங்கரமாக இருக்க முடியும். உங்கள் கதையிலும் அந்தக் கிராமத்துக்காரர்களை ஆட்டக்காரர்களின் பாத்திரங்களாக்கிப் பாருங்கள். மலைக்கு எதையோ தோண்ட வருகிற வெளியாட்கள் யார் என்று அப்போது நீங்களே யோசிப்பீர்கள்.

முதலில் தோழியிடம் தனியாகப் பேசுங்கள், விளக்கம் கேட்காமல் மன்னிப்பு மட்டும் கேளுங்கள். அப்புறம் ‘டிரெட்’. அதில் பாத்திரங்களுக்கு எண்களே கிடையாது, ஆளுக்கு ஒரு கேள்வித்தாள்தான், கேள்விகளை நீங்கள் எழுத வேண்டும். “அன்று கடைசி பஸ்ஸை ஏன் வேண்டுமென்றே விட்டாய்?”, “கூட வந்தவர்களில் யாரிடம் நீ கடன் வாங்கியதை மற்றவர்களுக்குச் சொல்லவில்லை?” என்கிற மாதிரி, பதில் எழுதும்போதே கொஞ்சம் உறுத்துகிற கேள்விகள். மூன்று மணி நேரத்தில் முடிகிற கதையாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கனமான மேசையாகப் பாருங்கள், பிளாஸ்டிக் டீப்பாய் சரிவராது.

அன்புடன்,
அக்கா