அம்பத்தூர் பட்டறை மேல்தளத்துக்கு நேர் ஏணி போதுமா?

வணக்கம் ஐயா. பத்தடி உயர இரும்பு மேல்தளத்துக்கு இடம் மிச்சமாகும் என்று சுவரோடு செங்குத்தாகப் பொருத்தும் நேர் ஏணி வைக்கப் போவதாகவும், பையன்கள் அட்டைப் பெட்டிகளை அதில்தான் ஏற்றி இறக்குவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்த இரண்டாவது விஷயத்தில்தான். நேர் ஏணியில் ஏறுபவருக்கு இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். பெட்டியோடு ஏறுவதானால் கைப்பிடி வைத்த படிக்கட்டு போடுங்கள். அதற்கு இடமே இல்லையென்றால் ஏணி ஆளுக்கு, கப்பி பெட்டிக்கு.

ஏணிதான் என்றால் படிகளின் இடைவெளி 300 மி.மீ.க்கு மேல் வேண்டாம், எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். படிக்கும் சுவருக்கும் நடுவே 180 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் பாதம் பதியாது. நிறையப் பேர் கோட்டை விடுவது உச்சியில். பக்கக் கம்பிகள் தளத்தோடு நின்றுவிட்டால், இறங்கத் திரும்பும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. தளத்துக்கு மேலும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீளட்டும். மேலே ஏணி வந்து சேரும் திறப்புக்குத் தானாக மூடிக்கொள்ளும் கதவு வையுங்கள். சங்கிலி போட்டால் ஒரே வாரத்தில் கழற்றித் தொங்கவிட்டுவிடுவார்கள். எங்கள் பட்டறையில் அதுதான் நடந்தது.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஏணிக் கால் தரையில் நிற்கும் அடித்தகட்டைப் பாருங்கள். தரை கழுவும் தண்ணீர் தேங்கி, துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வெல்டிங் இணைப்பில் பழுப்புக் கோடு தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே விரிசல் இருக்கலாம். அதன்மேல் பெயின்ட் பூசி மறைக்காதீர்கள். படிகளில் வழவழப்பான எனாமல் வேண்டவே வேண்டாம். சுவர் ஹாலோ பிளாக்கா, செங்கல்லா? போல்ட்டு பிடிப்பது அதைப் பொறுத்தது, எழுதுங்கள்.