பிடித்த பைக் விபத்தில் சிதைந்தபின் அதே பைக்கை மறுபடி வாங்கினீர்களா, வேறு பைக்குக்கு மாறினீர்களா?

மாறினேன். அதுவும் புல்லட்டிலிருந்து ஹோண்டா யூனிகார்னுக்கு. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். என் சித்தப்பா இன்றுவரை அந்த வண்டியை வண்டியாகவே மதிப்பதில்லை.

என்னிடம் இருந்தது பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டு காலம் இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அதைக் கிளப்புவதே தனி வித்தை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடக்கைப் பக்கம் உள்ள, என்ஜினுக்குள் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒரே மிதி. முறையாகச் செய்தால் குளிர்காலக் காலையிலும் கிளம்பும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். அவசரக்காரர்களை அந்த வண்டிக்குப் பிடிக்காது என்று எங்கள் மெக்கானிக் சொல்வார். எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பதும் அவர் வாக்குத்தான்.

விபத்து நடந்தது மன்னார்குடி - திருத்துறைப்பூண்டி சாலையில். காவிரி டெல்டாக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரை மாதச் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுவடையை ஒட்டி விதைத்த உளுந்தைப் பிடுங்கிக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி இறங்க, காசில்லாமல் போரடித்து முடிந்துவிடும். பல ஊர்களில் சிமெண்டுக் களம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் களத்தில் யாராவது டிராக்டர் ஓட்ட வேண்டும், அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். சாலையில் அந்தச் செலவு இல்லை. அவர்கள் கணக்கு அவர்களுக்கு. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினேன். காய்ந்த செடிக்கு அடியில் மணிமணியாக உளுந்து. முன்சக்கரம் வழுக்கியது, வண்டி படுத்துக்கொண்டே போய் மதகுக் கட்டைச் சுவரில் மோதியது. எனக்கு இடது காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் இருந்ததால் இந்தப் பதிலை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியைப் பார்க்கக் கையில் கட்டோடு பட்டறைக்குப் போனேன். டாங்க் நசுங்கியிருந்தது, ஹெட்லைட் கூடு பிளந்திருந்தது. இவை சில்லறை விஷயங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டும் பின்னோக்கி மடங்கியிருந்தன. அதற்கும் மாற்று கிடைக்கும். மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டிய இடம் வேறு. கைப்பிடிக்குக் கீழே, ஃபோர்க் நுழையும் கழுத்துக் குழாயும், வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸின் முன்குழாயும் சேரும் மூலை. பெயிண்ட் அங்கே தலைமுடி அளவுக்கு வெடித்து, உள்ளே இரும்பின் புது நிறம் தெரிந்தது.

"சார், பெண்டு எடுத்துக் கொடுக்கிறேன், வெல்டும் வைக்கலாம். ஆனால் நீங்கள் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அறுபதில் போனால் எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

பல வருடங்களாக என் பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கிவந்த மனிதர், பெரிய வேலை ஒன்று கிடைக்கும் நேரத்தில் வேண்டாம் என்கிறார். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? வேறு சேஸிஸ் வாங்கி என்ஜினை மாற்றிவைக்கலாம்தான். ஆனால் சேஸிஸ் எண்தான் வண்டியின் அடையாளம். அது ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதலுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பீர்கள். பழைய வண்டி வைத்திருக்கும் பெரும்பாலோரைப் போல என்னிடமும் அடுத்தவருக்கு ஆகும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான். அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது. உரிமையாளர் - ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு, ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர உடல் குறைபாட்டுக்கும்தான். காறை எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக வருத்தப்படவும் முடியாது. முழுக் காப்பீடு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்துள்ள வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று எடுத்துக்கொண்டு அந்த மதிப்பைத் தருவார்கள்.

அடுத்த வண்டி என்ற பேச்சு வந்ததும் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்: புது புல்லட். ஓட்டியும் பார்த்தேன். நல்ல வண்டி, பொத்தானை அழுத்தினால் கிளம்புகிறது, எண்ணெய் ஒழுகவில்லை. என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன, கியர் இடது காலுக்குப் போய்விட்டது. ஆனால் டாங்கில் அதே பெயர் எழுதியிருக்கிறது. அண்ணனை இழந்த வீட்டில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்ததைப் போல எனக்கு இருந்தது. தினமும் சத்தத்தை ஒப்பிடுவேன், அதிர்வை ஒப்பிடுவேன், பாவம், அந்த வண்டி என்ன செய்யும்? எதிலும் பழையதை நினைவூட்டாத வண்டிதான் வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

யூனிகார்ன் அப்படிப்பட்டது. அதைப் பற்றிக் கவிதை எழுத யாராலும் முடியாது. 163 சிசிக்குச் சற்றுக் குறைவு, ஐந்து கியர், என் பழைய புல்லட்டைவிட எடை ஏறக்குறைய 25 கிலோ குறைவு, ஒரு லிட்டர் பெட்ரோலில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். முன்னால் டிஸ்க் பிரேக், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ், அதாவது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு. 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். இருந்தாலும் உளுந்து மணிமேல் ஏபிஎஸ்ஸும் பெரிதாக எதையும் கிழித்துவிடாது. டயருக்குப் பிடி இருந்தால்தானே பிரேக்குக்கு வேலை.

மனசு மாறியது, கால் மாறவில்லை. இங்கே கியர் இடது காலில், அதுவும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பக்கமும் தலைகீழ், திசையும் தலைகீழ். ஆடு குறுக்கே வந்தால் இடது கால் தானாகக் கீழே மிதிக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் கியர் இறங்கி என்ஜின் அலறும். மேலே சொன்ன சிமெண்டுக் களம் இந்தச் சமயத்தில்தான் உதவியது. சாயங்காலங்களில் ஆளில்லாத களத்தில் வட்டமடித்து, கைதட்டியதும் நிறுத்திப் பழகினேன். கை தட்டியவள் என் மகள். அவளுக்கு அதில் இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. வலது கியரிலிருந்து மாறுகிறவர்கள் காலுக்குப் பழகும்வரை பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், சந்தைத் தெருப் பக்கம் போகாதீர்கள்.

இனி, சிதைந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கு. என்ஜினை விற்றேன், டாங்கை விற்றேன். அவற்றைக் கேட்டவர்களைவிட ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கேட்டு வந்தவர்கள் அதிகம், நல்ல விலையும் சொன்னார்கள். எதற்கென்று யோசியுங்கள். ஆதாரம் இல்லாத வேறொரு புல்லட்டில் உங்கள் சேஸிஸ் எண்ணைக் குத்தி ஓட்டுவதற்கு. அது யாரையாவது இடித்தால் போலீஸ் தேடிவருவது உங்கள் வீட்டுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, ஓட்ட முடியாமல் அழிந்த வண்டியைப் பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் அல்லது முடிந்த விரைவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அந்த ரத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.