அண்ணனுக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன்: மாமன் மகனை மணக்கலாமா?

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். அண்ணனுக்கு 29 வயதில் ஒரு பாதம் உள்பக்கமாக முறுக்கத் தொடங்கியது. இப்போது கையும் நடுங்குகிறது. தூங்கி எழுந்தால் நன்றாக நடக்கிறார், மாலையில் தடுமாறுகிறார். ‘காவடி எடுக்காமல் இருக்க நடிக்கிறான்’ என்கிறார் அப்பா. இது பார்க்கின்சன் நோய், காரணம் ‘பார்கின்’ மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள். எனக்கும் மாமன் மகனுக்கும் திருமணப் பேச்சு நடக்கிறது. நிறுத்திவிடவா?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், மகன் நடிக்கவில்லை. உறங்கி எழுந்ததும் தெளிவதும், பாதம் முறுக்குவதும் இந்த நோயில் பலரிடம் காணப்படுபவை.

பழுதான புரதங்களுக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதானவற்றுக்கும் ‘குப்பைக்குரியது’ என்று முத்திரை குத்துவதே பார்கின் புரதத்தின் வேலை. முத்திரை விழுந்தால்தான் செல் அவற்றைச் சிதைத்து அகற்றும். அது நடக்காதபோது நடுமூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைனைச் சுரக்கும் செல்கள் மெல்ல மடிகின்றன. இந்த மரபணுவை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆனால் மரபணுவுக்கு முன் இன்னொன்று. இந்த வயதில் நடுக்கம் என்றால், உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். அதற்கு மருந்து உண்டு. தவறவிட்டால் கல்லீரலும் மூளையும் கெடும். ரத்தம், சிறுநீர், கண் பரிசோதனைகள் நடந்தனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

பார்கின்தான் என்றால், உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்து குறைந்த அளவிலேயே பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கேட்கிறதே என்று அண்ணன் தானாக அளவைக் கூட்டக் கூடாது. கைகால்கள் கட்டுப்பாடின்றி அசையத் தொடங்கும். நினைவாற்றல் பெரும்பாலும் கெடுவதில்லை.

உங்கள் திருமணத்துக்கு வருகிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கு அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அம்மாவிடம் இருப்பது மாமாவிடமும், அவர் வழியாக மகனிடமும் இருக்கக்கூடும். உறவுக்குள் மணப்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். சாதகம் பத்துப் பொருத்தம் சொன்னாலும் இதைச் சொல்லாது.

எனவே அண்ணனுக்கு முதலில் பரிசோதனை. இந்த மரபணுவில் பெரிய துண்டுகளே விடுபட்டுப்போவது சகஜம். மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாதாரணப் பரிசோதனை அதைத் தவறவிடலாம். விடுபட்ட துண்டுகளையும் தேடச் சொல்லுங்கள். அவரிடம் பழுது தெரிந்த பிறகு, மரபணு ஆலோசகர் வழியாக நீங்களும் மாமன் மகனும் அதையே சோதித்துக்கொள்ளலாம். இருவரில் ஒருவரிடம் அது இல்லையென்றாலே, குழந்தைக்கு இந்த நோய் வருமென்று அஞ்ச வேண்டியதில்லை. அதுவரை பேச்சை நிறுத்த வேண்டாம்; தேதி மட்டும் குறிக்காதீர்கள்.