ஜாம், சியுஇடி பிஜி: எந்தக் கணக்குத் தாள் கடினம்?

கோபிச்செட்டிபாளையத்தில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகும் தம்பி கேட்டது இது. இரண்டும் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வுகள்: ஐஐடிகளுக்கு ஜாம், மத்தியப் பல்கலைகளுக்கு சியுஇடி பிஜி. கடினம் என்றால் ஜாம்தானுங்க, சந்தேகமே வேண்டாம். ஆனால் சியுஇடியைச் சுலபம் என்று நினைத்துப் போனால் நேரம் கடித்துவிடும்.

சியுஇடியில் 75 கேள்விகள், 2025 முதல் 90 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு 72 விநாடி. சரியானால் 4, தப்பினால் ஒன்று போகும். சூத்திரம் கையில் நிற்க வேண்டும், அவ்வளவே.

ஜாமில் 60 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். அங்கே ஆளை அடிப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய அந்தப் பத்துக் கேள்விகள். உதாரணமாக, (0,1) இடைவெளியில் யூனிஃபார்ம்லி கன்டினியூயஸ் (சீரான தொடர்ச்சி உள்ள சார்புகள்) எவை என்று கேட்டு சைன்(1/எக்ஸ்), எக்ஸ் சைன்(1/எக்ஸ்), எக்ஸ் ஸ்கொயர், 1/எக்ஸ் என்று நான்கைக் கொடுத்தால், நடுவில் உள்ள இரண்டும்தான் விடை. சரியானவை அத்தனையும் குறித்தால்தான் மதிப்பெண்; எக்ஸ் ஸ்கொயரை மட்டும் குறித்தால் பூஜ்யம். சைன் எல்லைக்குள்தானே நிற்கிறது என்று முதலாவதையும் சேர்த்தாலும் பூஜ்யம். மைனஸ் இல்லை என்பது ஒரு ஆறுதல். எண்ணாகவே விடை தரும் 20 கேள்விகளுக்கும் மைனஸ் கிடையாது. ஆனால் விடையைப் பார்த்துப் பின்னாலிருந்து போடும் வித்தை அங்கே எடுபடாது.

பாடத்திலும் வித்தியாசம் உண்டு. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸும் லீனியர் புரோகிராமிங்கும் சியுஇடியில் வரும், ஜாமில் வராது. பாரதியார் பல்கலைப் பிள்ளைகள் செமஸ்டருக்குப் படித்த காம்ப்ளெக்ஸ் அங்கே கை கொடுக்கும். அப்புறம், நம்மூர் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர இரண்டுமே தேவையில்லை. ஐஐடி என்றால் ஜாம், திருவாரூர் மத்தியப் பல்கலை என்றால் சியுஇடி. இரண்டும் எழுதுவதானால் ரியல் அனாலிசிஸை ஜாம் அளவுக்கு முதலில் படியுங்க.